ஐந்தாவது ஸ்க்ரூ

உலகத்தின் எந்த மூலையில், எந்தக் கடையில் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஃபேனை வாங்கிப் பிரித்தாலும், உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். ஃபேனை மாட்ட நான்கு போதும். ஐந்தாவது அங்கே இருப்பது என்னால். எங்கள் வீட்டுக் கூடத்தில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடி, ஒரே ஒரு கட்டைவிரலால் ஒரு தொழிற்சாலையை ஒன்றரை நாள் நிறுத்தி வைத்தேன். ஆயிரம் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சரி, ஆயிரம் என்பது என் கணக்கு. கடிதத்தில் நாற்பது பேர் என்றுதான் இருந்தது.

நம்பாதவர்கள் வரிசையில் வரவும். முதல் இடம் என் தம்பிக்கு. பிறந்ததிலிருந்து, ஐம்பத்தெட்டு வருடமாக அவன் அங்கேயேதான் நிற்கிறான்.

தம்பிக்குத் தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சலூனுக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே செருகி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். நான் எது சொன்னாலும் அவன் முதலில் இரண்டால் வகுப்பான், பிறகு பத்தால் வகுப்பான், மிச்சம் வருவதையும் நம்ப மாட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆறு வயதில் அவனை ஏணியில் ஏற்றி, கூரைமேல் விமானம் இறங்கியிருக்கிறது, போய்ப் பார் என்று சொன்னவள் நான்தான். ஏணியையும் எடுத்துவிட்டேன்.

என் வாய் அப்படி. ஆனால் கை அப்படியில்லை. தையல் மெஷின் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடம், வாசலில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி, ஸ்பிரிங், போல்ட், நட்டு, வாஷர். மேசைமேல் இரண்டே ரப்பர் ஸ்டாம்பு. பச்சை மையில் ‘ஏற்கப்பட்டது’. சிவப்பு மையில் ‘திருப்பப்பட்டது’. ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று மூன்றாவது ஸ்டாம்பு ஒன்றை யாரும் செய்து தரவில்லை. நூறு என்று எழுதிய பெட்டியில் தொண்ணூற்றொன்பது இருந்தால் பெட்டி முழுவதும் வந்த லாரியிலேயே திரும்பும். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்தாலே இன்ஜினை அணைக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற ஏழாவது மாதம், மகளுக்காக போனில் ஒரு மவுஸ் வாங்கினேன். அதன் சக்கரம் பத்தொன்பதாவது சுற்றில் ஒரு தடவை வழுக்கியது. பதினெட்டு சுற்று ஒழுங்கு, பத்தொன்பதாவது வழுக்கல், மறுபடி பதினெட்டு ஒழுங்கு. அதை ஐந்து பாராவில் எழுதி அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். பத்து நாள் கழித்து அவர்களிடமிருந்து அழைப்பு: ‘உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். பொருளை இலவசமாக அனுப்புகிறோம். பதினான்கு நாளுக்குள் விமர்சனம் எழுதினால் போதும், பொருள் உங்களுக்கே.’

“அக்கா, சும்மா யாரும் எதுவும் குடுக்க மாட்டான். இது ஏதோ திருட்டுக் கும்பல். போனைத் தூக்கிக் கிணத்துல போடு” என்றான் தம்பி.

மூன்றாம் நாள் கீபோர்டு வந்தது. அடுத்த வாரம் வெப்கேமரா. பிறகு ஸ்பீக்கர், ரௌட்டர், ஹார்ட் டிஸ்க், பெயர் தெரியாத கேபிள்கள், அந்தக் கேபிள்களைக் கட்டி வைக்கும் பட்டைகள், பட்டைகளைப் போட்டு வைக்கும் டப்பா. வந்த பெட்டிகளை அடுக்கினால் நிலாவுக்குப் பாதி தூரம் ஏறிவிடலாம். மீதிக்குத் தெர்மாகோல் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வர, பெட்டிகளுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்து, “ரைட்ல வரேன்... ரைட்ல வரேன்... பிரேக்!” என்று வாயால் சொல்லிக்கொண்டே வருவார்.

“ஏம்மா, கை கழுவுற இடத்துல ரௌட்டர் எதுக்கு?”

“அங்க சிக்னல் எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்ங்க. எழுதணும்ல?”

“சோப்பு எங்க?”

“சோப்பு வெப்கேமராவுக்குப் பின்னால.”

“அப்ப நான் கை கழுவுறது யாருக்குத் தெரியுது?”

இலவசமாகக் கிடைப்பதில் இருக்கும் எரிச்சல் வேறு எதிலும் இல்லை. விமர்சனம் எழுதி அனுப்பினால், ‘உங்கள் விமர்சனம் எங்கள் விதிகளுக்கு ஏற்ப இல்லை’ என்று ஒரு வரி திரும்பி வரும். எந்த விதி, எந்த வார்த்தை? சொல்ல மாட்டார்கள். அந்தக் கீபோர்டு விமர்சனத்தை ஏழு தடவை திருப்பினார்கள். நானும் ஏழு தடவை மாற்றினேன். அளவுகளை எடுத்தேன், கமாக்களை எடுத்தேன், கம்பெனியைப் பாராட்டிய வரியைக்கூட எடுத்தேன். கடைசியில் பார்த்தால், ‘எவ்வளவு அடித்தாலும் சாகவில்லை’ என்று எழுதியிருந்தேன். கொலை மிரட்டல் என்று ஏதோ மெஷின் பிடித்து வைத்திருக்கிறது. ‘எவ்வளவு தட்டினாலும் நலமாக இருக்கிறது’ என்று மாற்றியதும் அடுத்த நிமிடம் ஏறிவிட்டது.

அடுத்த தலைவலி நட்சத்திரம். ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது பச்சை, சிவப்பு. அதனால் சரியான பொருளுக்கு ஐந்து, சரியில்லாததற்கு ஒன்று. நடுவிலிருக்கும் மூன்று நட்சத்திரங்களை நான் தொட்டதே இல்லை.

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது, மகளின் மானிட்டர் கெடும் வரை.

மகள் எங்களோடு இருக்கிறாள். ஒரு இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே கட்டட பிளான் வரைந்து கொடுக்கிறாள். அவளுடைய பழைய மானிட்டரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. முதலில் நூல் அளவு, அடுத்த மாதம் இரண்டு விரல் அளவு. பட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க, படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி நகர்த்தி வரைவாள். ஒரு நாள் நகர்த்த மறந்துவிட்டாள். குளியலறைக்குக் கதவில்லாமல் பிளான் போய்விட்டது.

இன்ஜினியர் போனில் போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. “வீட்டுக்காரன் குளிக்கணும்னா சுவர் ஏறிக் குதிக்கணுமா? இன்னும் ஒரு தப்பு வரட்டும், நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அன்று சாயங்காலமே தம்பி வந்தான். “கடையில பழைய மானிட்டர் ஒண்ணு கிடக்கு. கொண்டுவந்து வைக்கட்டுமா?” என்று மகளைக் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். “உன் ஓட்டை உடைசல் எவனுக்கு வேணும்? என் பொண்ணுக்குப் புத்தம் புதுசா, சுவர் அகலத்துக்கு, நானே எழுதி வாங்கித் தரேன். ரெண்டே வாரம்.”

“அக்கா, மவுஸ் குடுத்தான், கேபிள் குடுத்தான், சரி. மானிட்டரெல்லாம் குடுக்க மாட்டான்.”

“பார்க்கறியா?”

பார்த்தான். இலவசப் பட்டியலில் மானிட்டருக்கு விண்ணப்பம் போட்டேன். ‘தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். அனுப்பத் தயார்’ என்று வந்தது. தம்பியின் மூக்குக்கு நேரே போனை நீட்டினேன். “அனுப்பத் தயார்னா அனுப்பினதா அர்த்தமா? நானும் தினமும் கல்யாணத்துக்குத் தயாரா இருந்தவன்தான், நாப்பது வயசு வரைக்கும்” என்றான்.

மானிட்டர் அனுப்பும் அதே கம்பெனி, அதற்கு முன்னால் ஒரு ஃபேன் அனுப்பியது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சூட்டை இறக்கும் ஃபேன். அருமையான ஃபேன். சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். இறக்கையின் விளிம்பைத் தடவினால் பிசிறில்லை. பச்சை ஸ்டாம்பு மனதுக்குள் மையில் தோய்ந்துவிட்டது. கடைசியாக ஸ்க்ரூ பையைப் பிரித்தேன். தாளில் ‘ஸ்க்ரூ 4, வாஷர் 4’ என்றிருந்தது. பையில் வாஷர் நான்கு. ஸ்க்ரூ மூன்று.

பையை உதறினேன். பெட்டியைக் கவிழ்த்தேன். வீட்டுக்காரரை எழுப்பி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவினேன். மூன்றுதான்.

ஒரு நட்சத்திரம். ‘ஸ்க்ரூ ஒன்று குறைவு. திருப்பப்பட்டது.’

மறுநாள் கம்பெனியின் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு’ என்ற இடத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் பெயரில்லை, அதனால் நான் ‘மகிழ்ச்சி’ என்றே வைத்துக்கொண்டேன். ‘அன்புக்குரிய விமர்சகரே, உங்கள் வருத்தம் எங்கள் வருத்தம். புதிய ஃபேன் கிளம்பிவிட்டது. பிரித்ததும் உங்கள் முகத்தில் மலரும் புன்னகைக்கு ஏற்ப நட்சத்திரங்களை மாற்றுவீர்கள் என நம்புகிறோம்.’

இரண்டாவது ஃபேன் வந்தது. ஸ்க்ரூ மூன்று. புன்னகை மலரவில்லை. எழுதினேன். மகிழ்ச்சி மறுபடி வருத்தப்பட்டது. மூன்றாவது ஃபேன் வந்தது. மூன்று ஃபேன், ஒன்பது ஸ்க்ரூ, பன்னிரண்டு வாஷர். மூன்றாவது விமர்சனமும் ஒரு நட்சத்திரம்.

“இப்ப என்ன கெட்டுப் போச்சு?” என்றான் தம்பி. “ரெண்டாவது பையில இருந்து ஒண்ணு எடுத்து மொதல் ஃபேனுக்குப் போடு. முடிஞ்சுது.”

“அடப்பாவி. ஒரு பெட்டிச் சரக்கை எடுத்து இன்னொரு பெட்டியில போடறதா? எங்க ஸ்டோர்ல அதுக்கு வேலையை விட்டே அனுப்புவாங்க.”

“இது உன் ஸ்டோர் இல்லக்கா, சமையல் மேடை. ஸ்க்ரூ ஃபேன்ல குறையல. உன்கிட்டதான் குறையுது.”

அடுத்த கடிதத்தில் மகிழ்ச்சியின் குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. ‘உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மானிட்டர் சனிக்கிழமை கிளம்பத் தயாராக உள்ளது. நல்லுறவில் இருக்கும் விமர்சகர்களுக்கே பெரிய பொருட்கள் அனுப்பப்படும். வெள்ளிக்குள் உங்கள் ஃபேன் விமர்சனங்களை நான்கு நட்சத்திரமாக உயர்த்த அன்புடன் அழைக்கிறோம்.’

அதை மகளும் படித்துவிட்டாள். அந்த வாரம்தான் அவள் ஒரு மாடிப்படியில் ஒரு படியைப் பட்டைக்குள் தொலைத்துவிட்டு, அனுப்புவதற்குச் சற்று முன்னால் கண்டுபிடித்திருந்தாள்.

“அம்மா, நாலு ஸ்டார் போட்டுத் தொலையேன். ஒரு ஸ்க்ரூதானே?”

“அது எனக்குத் தெரியும்மா. ஆனா மூணு பெட்டியிலயும் அதே மூணுன்னா, அது கை தவறினது இல்ல. எங்கயோ ஒரு தப்பு உட்கார்ந்துக்கிட்டிருக்கு. இந்தப் பெட்டியைப் பிரிக்கற ஒவ்வொருத்தனும் முழிச்சுக்கிட்டிருப்பான்.”

“எவனோ முழிக்கட்டும். நான் இங்க முழிச்சுக்கிட்டிருக்கேனே, அது தெரியலையா?”

தெரிந்தது. அதனால்தான் போனை எடுத்துக் கட்டைவிரலை நட்சத்திரங்கள்மேல் வைத்தேன். இரண்டு வரைக்கும் நகர்ந்தது. முப்பத்துமூன்று வருடத்தில் லாரிக்காரர்கள் கெஞ்சியபோதும், மானேஜர் தலையைச் சொறிந்தபோதும் நகராத விரல், மகளுக்காக இரண்டு வரை வந்தது. அப்போது மறு கையில் இருந்த ஒரு வாஷர் விரலில் உறுத்தியது. தடித்த வாஷர். இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு எதற்கு இத்தனை தடி?

கட்டைவிரலை எடுத்துவிட்டு, மூன்று பைகளையும் வாரிக்கொண்டு தம்பியின் கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், அறுபத்துமூன்று வயதில் எது ஓட்டமோ அது.

“போன வருஷம் வாங்கின இதே ஃபேன் உன்கிட்ட இருக்கா? பிரிக்காத பை வேணும்.”

“எதுக்கு?”

“குடுடா.”

பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு, அரை மணி நேரம் முனகி, தூசியோடு ஒரு பையை எடுத்தான். பழைய ஸ்க்ரூ நான்கு, பழைய வாஷர் நான்கு. வாஷர் தாள் மாதிரி மெல்லிசு. நாலு பையையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு நகைக்கடைக்குப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தம்பியும் பின்னால் வந்தான். எனக்கு எங்கே அவமானம் நேர்ந்தாலும் அதை நேரில் பார்க்காமல் விட மாட்டான்.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில், கடைக்காரர் பையை வைக்கத் தயங்கினார். “இது இரும்புங்கம்மா.”

“தெரியும். எடை மட்டும் சொல்லுங்க.”

“உருக்கறதா இருந்தா...”

“எங்க அக்கா கொஞ்ச நாளா இப்படித்தான். எடையைச் சொல்லிடுங்க, போயிடறோம்” என்றான் தம்பி.

பழைய பை: ஒன்பது புள்ளி ஆறு கிராம். புதிய பை: ஒன்பது புள்ளி ஆறு. இன்னொரு புதிய பை: அதே. மூன்றாவதும் அதே. கடைக்காரருக்கே சுவாரசியம் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிரித்துப் போட்டோம். பழைய வாஷர் நான்கு, இரண்டு புள்ளி நான்கு கிராம். புதிய வாஷர் நான்கு, நான்கு புள்ளி இரண்டு. வித்தியாசம் ஒன்று புள்ளி எட்டு. ஒரு ஸ்க்ரூவைத் தனியாகத் தட்டில் வைத்தார்.

ஒன்று புள்ளி எட்டு.

நான் போட்ட கூச்சலில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வளையலோடு வெளியே போய்விட்டாள். நல்லவேளை, உடனே திரும்பி வந்தாள்.

விஷயம் இதுதான். சின்னச் சரக்கை யாரும் கையால் எண்ண மாட்டார்கள், நிறுப்பார்கள். முதலில் வாஷர் நான்கு விழும். பிறகு தராசில் ஒன்பது புள்ளி ஆறு வரும்வரை ஸ்க்ரூ விழும். வாஷரை யாரோ புது ஆளிடம் வாங்கியிருக்கிறார்கள், தடி கூடிவிட்டது. மூன்றாவது ஸ்க்ரூ விழுந்ததுமே தராசு ‘சரி’ என்று சொல்லி அடுத்த பைக்குப் போய்விடுகிறது. அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் அதே தப்பை நானே செய்தேன். ஸ்பிரிங்குக்கு முலாம் கனமாகப் பூசி வந்திருந்தது, நான் எடை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை ஸ்டாம்பைக் குத்திவிட்டேன். இருநூறு மெஷின் ஸ்பிரிங் இல்லாமல் நின்றது. அன்றிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். எடைகள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டேன். ‘நீங்கள் எண்ணுவதில்லை, நிறுக்கிறீர்கள். வாஷர் கனத்தது, அதனால் ஒரு ஸ்க்ரூ வெளியே போனது. ஃபேன் நல்ல ஃபேன். பெட்டி திருப்பப்பட்டது.’ ஒரு நட்சத்திரம்.

மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. “உன் சிவப்பு ஸ்டாம்பு பெருசா, நான் பெருசாம்மா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, மூன்று பைகளையும் மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை எனக்குத் தவறியது அதுதான் முதல் தடவை. இதில் மிகை எதுவும் இல்லை.

சனிக்கிழமை மகிழ்ச்சியிடமிருந்து கடைசிக் கடிதம். ‘உங்கள் விமர்சனங்களில் எதிர்மறைப் போக்கு தென்படுவதால் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. மானிட்டர் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் நாள் இனிதாகட்டும்.’

இனிதாகட்டுமாம்! போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் என்று பார்த்தால், எங்கள் தெருவில் கிணறு இல்லை.

தம்பி வந்து, சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தான். அவன் கடையில் இருந்த பழைய மானிட்டரும் அதற்குள் யாருக்கோ போயிருந்தது. இரண்டே வாரம் என்று நான் அடித்த ஜம்பம் கூடத்து நடுவில் பெட்டிகளோடு பெட்டியாகக் கிடந்தது. திங்கட்கிழமை மகள் ஒரு பெரிய வீட்டின் பிளானைக் கொடுக்க வேண்டும்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டில் வேலை செய்கிற திரை இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதன் எதிரே என் வீட்டுக்காரர் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க...”

“மாட்டேன்” என்றார், நான் என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியாமலே.

பெயர் தெரியாத என் கேபிள்களில் ஒன்று டிவிக்கும் மகளின் கம்ப்யூட்டருக்கும் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. தம்பிதான் மாட்டிக் கொடுத்தான். மைதானம் இருந்த இடத்தில் ஒரு வீட்டின் பிளான் விரிந்தது. வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. முப்பது வருடம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மனிதர், நாற்காலியை விட்டுக்கொடுக்கப் பழகாதவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுவர்களையும் ஜன்னல்களையும் மேட்ச் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென்று கையை நீட்டினார்.

“இந்த கேட்டுல கார் திரும்பாதும்மா.”

“அப்பா, அளவெல்லாம் இன்ஜினியர் குடுத்ததுப்பா.”

“இன்ஜினியர் வண்டி ஓட்டுவாரா? தூணை ஒரு முழம் தள்ளி வை. இல்லன்னா முன்னால பம்பர் போகும், ரிவர்ஸ்ல கண்ணாடி போகும்.”

மகள் கம்ப்யூட்டரிலேயே ஒரு காரை வரைந்து திருப்பிப் பார்த்தாள். தூணில் இடித்தது. போன் போட்டுச் சொன்னாள். எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு இன்ஜினியர், “நல்லவேளை சொன்னீங்க. செவ்வாய்க்கிழமை அஸ்திவாரம் தோண்டறதா இருந்தாங்க. அடுத்த மூணு வீடும் நீங்களே வரைஞ்சுடுங்க” என்றார். மகள் போனை வைத்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்து, “கேபிள் உன்னோடது, அதனால மன்னிச்சுட்டேன்” என்றாள். பாதி மன்னிப்புதான். முகத்தில் தெரிந்தது.

ஆறு வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில், வாசலுக்குள் நுழையவே சாய்க்க வேண்டிய அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. மானிட்டர். கூடவே ஒரு கடிதம். அது மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து வரவில்லை, பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளரிடமிருந்து. ‘அம்மா, உங்கள் விமர்சனத்தை எங்களிடம் யாரும் காட்டவில்லை. ஸ்க்ரூ குறைகிறது என்று கடைகளிலிருந்து புகார் குவிந்தபோது, நானே தேடிப் படித்தேன். அன்றே தராசை நிறுத்தினோம். நாற்பது பேர் ஒன்றரை நாள் உட்கார்ந்து பதினோராயிரம் பைகளைக் கையால் எண்ணினார்கள். வாஷர் நீங்கள் சொன்னபடியேதான். இனிமேல் எண்ணித்தான் போடுகிறோம், அதோடு ஒரு ஸ்க்ரூ கூடுதலாகவும். உங்கள் கணக்கைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.’

மகள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். மீதிப் பாதியும் கிடைத்துவிட்டது.

தம்பி மட்டும் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். “நீயே டைப் அடிச்சிருக்க.”

“மானிட்டரையும் நானே டைப் அடிச்சேனாடா?”

“அது எங்கயாவது குலுக்கல்ல விழுந்திருக்கும். ஒரு வாஷருக்காக ஃபேக்டரியை நிறுத்தினானாம்! கூரைமேல விமானம் இறங்கின அதே வீடுதானேக்கா இது?”

மானிட்டர் மகளின் அறைக்குப் போனது. டிவி திரும்பக் கிடைத்தும் வீட்டுக்காரருக்கு மேட்ச் ருசிக்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மகளின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். “லெஃப்ட்ல வாம்மா... லெஃப்ட்ல... போதும்.” என் கணக்கும் திறந்துவிட்டது. பெட்டிகள் மறுபடி நிலாவை நோக்கி வளர்ந்தன.

போன வியாழக்கிழமை மதியம் தம்பி கடையைச் சாத்திவிட்டு வந்தான். சட்டை முழங்கை இரண்டும் தூசி. வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு காலி பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“என்னடா?”

“கடைக்கு ஃபேன் ஒண்ணு வந்துது. சீல் உடைக்காத பெட்டி. நானே பிரிச்சேன்.”

“ம்.”

“மாட்டறப்ப ஸ்க்ரூ ஒண்ணு கை தவறிடுச்சு. பெஞ்சுக்கு அடியில ஓடிடுச்சு. தவழ்ந்து தேடினேன், கிடைக்கல. கஸ்டமர் வேற தலைமேல நிக்கறான்.”

“அடப்பாவமே. மூணு ஸ்க்ரூவோடயா குடுத்தனுப்பின?”

“இல்ல.” அவன் என்னைப் பார்க்காமல் தூசியைத் தட்டினான். “நாலு போட்டுத்தான் குடுத்தேன்.”

“ஒண்ணு ஓடிப் போச்சுன்னா மூணுதானேடா மிச்சம் இருக்கணும்? எண்ணத் தெரியலையா உனக்கு?”

பையோடு வந்த துண்டுச் சீட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினான். ‘ஒரு ஸ்க்ரூ கூடுதலாக உள்ளது. எண்ணிப் பார்த்த ஒரு வாடிக்கையாளரின் உபயம்.’ நான் அதை மெதுவாக, உரக்க, மகளின் அறை வரை கேட்கும்படி வாசித்தேன். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஐம்பத்தெட்டு வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் பெரிதா?

அவன் எழுந்தான், உட்கார்ந்தான், பெருமூச்சு விட்டான். ஏணி இல்லாத கூரைமேல் நின்ற அதே ஆறு வயது முகம்.

“சரி. அந்த விமானத்தை நான் இப்பவும் நம்பலை” என்றான். “ஆனா இது... இது நடந்துருக்குக்கா.”